மலைவழிக்கு ஓர் ஆற்றுப்படை

கோடை விடுமுறை நெருங்கும்போது சமவெளி நண்பர்கள் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. "மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் வழியில் எங்கே உண்ணலாம்? என்ன பருகலாம்?" 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸை மறவாமல் பெற்றுவிடும் அவர்கள், அடுத்ததாகக் கேட்பது கடையின் பெயரைத்தான். கடைகள் கைமாறும், சமையற்காரர் ஊர் மாறுவார். ஆகவே நான் கடைப்பெயர் சொல்வதில்லை. பழைய தமிழ் முறையில் வழி சொல்கிறேன்.

'எங்கே உண்ணலாம்' என்னும் வினாவுக்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்தவர்கள் நாம். பரிசில் பெற்று மீளும் பாணன், வறியவனாய் எதிர்வரும் பாணனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையின் கடற்கரை ஊரில் பரதவர் சுட்ட கருவாட்டுடன் விருந்து வைக்கின்றனர். மலைவழிக்கோ மலைபடுகடாம். அதன் 583 அடிகளில் குறவர் குடியில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும், இன்னோரிடத்தில் மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழும் காத்திருக்கின்றன. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் உண்டு. அது நமக்கு விலக்கு. பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பெயரொலியைக் கொண்டு அவரைக் குன்னூர்க்காரராக்க என் மாணவர் ஒருவர் முயன்றார். ஊர்ப்பற்று நன்று, சான்றில்லாமல் உரிமை கோரலாகாது என்று தடுத்துவிட்டேன்.

அப்பாட்டில் உணவு நிலத்தின் விளைவாக இருக்கிறது. உணவு தருபவர் இன்னார் என்பதும் தெளிவாக இருக்கிறது. இன்றைய பயணிக்கு இவ்விரண்டும் மறைந்து போயின. முந்நூற்றுச் சொச்சம் மீட்டரிலிருந்து ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏறும்போது, நிலம் தன் உணவை அடுக்கடுக்காக மாற்றிக்கொண்டே வருகிறது. நாமோ மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைக் குன்னூர் வரை கொறித்துக்கொண்டு வருகிறோம்.

கல்லாற்றில் பாக்குத் தோப்பின் நிழல். அதற்குமேல் பர்லியாறு. அங்குள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871இல் தொடங்கப்பட்டது. மலாய்த் தீவுகளின் மங்குஸ்தானும் துரியனும் ரம்புட்டானும், சாதிக்காயும் கிராம்பும் அங்கே வேரூன்றியிருக்கின்றன. பருவத்தில் வருவோர் சாலையோரத்தில் மங்குஸ்தான் வாங்கி அங்கேயே உண்பது நல்லது. துரியனைப் பேருந்தில் ஏற்றுவோர் உடன்வருவோரின் சாபத்துக்கு ஆளாவர். தோலைக் குரங்குகளுக்கு வீச வேண்டா.

இரயிலில் வருவோர்க்கு ஹில்குரோவ் நிலையம். 1899இல் குன்னூரை எட்டிய இவ்விருப்புப்பாதையில் நீராவி எஞ்சின் நீர் குடிக்க நிற்கும்போது பயணிகளும் இறங்கித் தேநீர் குடிக்கலாம். எஞ்சின் நிதானமாகத்தான் குடிக்கும்; அவசரப்பட வேண்டியதில்லை. குடிநீருக்குச் சொந்தக் குப்பி கொண்டு வருக. 2019இல் சிறிய பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்கள் தடை செய்யப்பட்டு, நீர் வழங்கும் எந்திரங்கள் நிறுவப்பட்டன.

குன்னூரை அடைந்ததும் தேநீர். இங்கேதான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை தேயிலை விளையும் ஊரில், கடையில் நாம் குடிப்பது பெரும்பாலும் தூள் தேயிலை. பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கையில், நீலகிரித் தேயிலையின் உயிரான நறுமணம் போய்விடுகிறது. திசம்பர், சனவரி உறைபனிக் காலத்தில் பறிக்கும் கொழுந்தின் மணம் தனி. நல்ல இலைகள் ஏலத்தில் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடுகின்றன. 1963 முதல் இவ்வூரிலேயே ஏல மையம் இருக்கிறது. அங்கே எழும் விலையும் இறங்கும் விலையும் சரிவில் நிற்கும் சிறு விவசாயியின் அடுப்பைத் தொடுகின்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலையிலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது அந்த நாலரைக் கிலோவைப் பறிக்கும் கூலிக்கே விலை போதாமல் தவித்த குடும்பங்கள் பல. படகர் ஊர்களில் அதைப் பற்றி இன்றும் கசப்போடுதான் பேசுகிறார்கள். கடையில் ஒரு ரூபாய் கூடினால் முகம் சுளிக்கும் நண்பர்களிடம் இக்கணக்கைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. இலை வாங்க விரும்புவோர், 1965இல் தோன்றிய இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழுள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தேயிலையைக் கேட்டு வாங்கலாம். அவற்றின் உறுப்பினர் சிறு விவசாயிகளே.

ஒருமுறையேனும் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களில் பிரியாணிக்குப் பின் சுலைமானி கேட்டால், எலுமிச்சை பிழிந்த செந்நிறத் தேநீர் வரும். தேயிலையின் குணம் அதில் புலப்படும். உடன் வர்க்கி. புளித்த மாவை மடிப்பு மடிப்பாக மடித்து விறகடுப்பில் சுட்டெடுக்கும் இப்பண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேநீரில் தோய்ப்பதா, தனியே கடிப்பதா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரு கட்சி.

கடையில் கிடைக்காத உணவுகளும் இம்மலையில் உள்ளன. படகர் வீட்டு அவரை உதக்கத்தைக் கேழ்வரகுக் களியுடன் உண்டபோது, மலைபடுகடாத்தின் அவரைப் புளிங்கூழ் எனக்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தோர் வாழும் குடியிருப்புகளில் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் கிடைக்கும். வெல்லத்துண்டைக் கடித்துக்கொண்டு பாலில்லாத் தேத்தண்ணி குடிப்பதும் அவர்கள் கொண்டுவந்த வழக்கம். அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. தலைமுறைகள் கடந்தும் அவர்களுள் பலர் இன்னும் கொழுந்து பறிக்கின்றனர். அழைக்கப்பட்டாலன்றி அங்கே உணவு கேட்டுப் போதல் முறையன்று. அழைத்தால் மறுத்தலும் முறையன்று.

ரமலானில் வருவோர்க்கு இன்னும் ஒன்று. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி வழங்குவர். பாத்திரத்துடன் வரிசையில் நிற்போர் எல்லாச் சமயத்தாரும்தான். எவரையும் எவரும் பெயர் கேட்பதில்லை. 2030ஆம் ஆண்டில் சனவரியிலும் திசம்பர் இறுதியிலுமாக நோன்பு இருமுறை தொடங்கும். இரண்டும் இங்கே கடுங்குளிர் மாதங்கள்; கஞ்சியில் இஞ்சியும் மிளகும் சற்றுக் கூடுதலாகவே விழும். மூடியுள்ள பாத்திரம் கொண்டு வருக.