பினாங்கிலிருந்து வந்த இரயில்

வகுப்பறையில் குறுந்தொகை நடத்தும் ஒருவன் வீட்டுக்குத் திரும்பியதும் தரையில் மண்டியிட்டமர்ந்து பொம்மை இரயிலுக்குச் சாவி கொடுக்கிறான் என்றால், கேட்போர் நகைக்கத்தான் செய்வர். சென்ற ஆண்டு இல்லம் தேடி வந்த முதுகலை மாணவர் இருவர் அக்காட்சியை நேரில் கண்டுவிட்டனர். மறுநாள் காலைக்குள் துறை முழுவதும் செய்தி பரவிவிட்டது. இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, வழக்கம்போல் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தந்து தப்பிக்காமல், அந்த இரயிலைப் பற்றியே எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

எங்கள் குடும்பம் நாகூரைச் சார்ந்தது. பாட்டனார் பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்துக்கும் மலேயாவுக்கும் இடையே 'ரஜூலா' என்னும் கப்பல் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டு அக்கப்பலில் ஊர் திரும்பிய பாட்டனார், எட்டு வயதாயிருந்த என் தந்தையாருக்கென ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பச்சை வண்ண இஞ்சின் ஒன்று, அதன் பின்னால் கரி சுமக்கும் சிறுவண்டி, பழுப்பும் வெண்மஞ்சளும் தீட்டிய பயணியர் பெட்டிகள் இரண்டு, வட்டமாகக் கோத்துக்கொள்ளத் தகரத் தண்டவாளத் துண்டுகள், ஒரு சாவி: இவ்வளவே அதனுள் இருந்தன. மின்சாரம் வேண்டா. சாவியைத் திருகினால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். விட்டால் பற்சக்கரங்களின் வழியே அவ்விசை சக்கரங்களைச் சென்றடையும். ஓட்டுநர் அறையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோல்களைத் தொட்டு வண்டியை நிறுத்தலாம்; பின்னோக்கியும் செலுத்தலாம்.

பெட்டியின் மேல் 'ஹார்ன்பி' என்னும் பெயர் இருந்தது. இவர் யார் என்று நான் தேடத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். லிவர்பூல் நகரத்தவரான ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் ஒரு முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் 'மெக்கானோ' என்று உலகெங்கும் அறியப்பட்டது அதுவே. அவரது தொழிற்சாலை சாவி இரயில்களை விற்கத் தொடங்கியது 1920இல். அதற்கு முன்னர் இத்துறையில் ஜெர்மானியரே கோலோச்சினர். மார்க்லின் என்னும் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், தண்டவாள இடைவெளிகளை வரையறுத்து, பின்னர் வேண்டியபோது துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் வகையில் பாதைகளை விற்பனைக்கு வைத்தது. பொம்மை, பொழுதுபோக்குக் கலையாக மாறியது அந்த வரையறையால்தான் என்பது என் கருத்து. யாப்பு வகுக்கப்பட்ட பின்னர்தானே புலவர் பெருகினர்!

எங்கள் வீட்டு இரயிலின் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். 'ஓ' அளவு என்பர். 1938இல் ஹார்ன்பி நிறுவனம் 'டப்லோ' என்ற பெயரில் அதில் ஏறத்தாழப் பாதியான 16.5 மில்லிமீட்டர் அளவை அறிமுகம் செய்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியை ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் விகிதத்தில் குறுக்கினர். அக்கணக்குப்படி பாதையின் அகலம் 18.8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். ஆகவே அந்த இரயில்கள் யாவும் தமக்குப் பொருந்தாத ஒடுங்கிய பாதையில் இன்றளவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிழையென்று தெரிந்தும் வழக்கு வென்றுவிட்டது. இலக்கணம் கற்பிப்போர்க்கு இது புதிதன்று.

1979இல் லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. நான் பிறந்த சில மாதங்களில். எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் இரயில் பீரோவின் மேல்தட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் பிற்பகலில் மட்டும் வாப்பா அதைக் கீழே இறக்குவார்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வட்டம் உருவாகும். அப்போதெல்லாம் நாகூருக்கு மீட்டர் பாதையில் நீராவி இஞ்சின்தான் வரும். அந்த இஞ்சினின் கூவல் கேட்கும் நேரம் பார்த்து இந்த இஞ்சினை விடவேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். எனக்குப் பத்து வயதான ஆண்டு, சாவியைத் திருகும்போதே 'டப்'பென்று ஓர் ஓசை எழுந்தது. அதன்பின் எவ்வளவு திருகினாலும் சாவி வெறுமனே சுழன்றது. யாரும் என்னைக் கடியவில்லை. இரயில் மீண்டும் பீரோவுக்கு மேல் ஏறிற்று; முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது.

கொரோனா ஊரடங்கில், 2020இல், வீட்டை ஒழுங்குசெய்கையில் அப்பெட்டி மீண்டும் என் கைக்கு வந்தது. கடற்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. தண்டவாளங்கள் துருவேறியிருந்தன, பழைய எண்ணெய் பிசினாகியிருந்தது. ஊரடங்கு தளர்ந்ததும், எங்கள் ஊரில் எஞ்சியிருந்த ஒரே கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் இஞ்சினைக் கொண்டுசென்றேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வில்லு உடையல தம்பி, நுனிக்கொக்கிதான் போச்சு" என்றார். நுனியை மட்டும் நெருப்பில் காட்டி இளக்கிப் புதிதாகத் துளையிட்டு மாட்டினார். வில்லின் நீளம் ஓர் அங்குலம் குறைந்தது. முன்பைவிட அரைச் சுற்றுக் குறைவாக ஓடும் என்றார், அவ்வாறே ஓடுகிறது.

அன்று முதல் பித்துப் பிடித்துவிட்டது. துருவை எவ்வாறு அகற்றுவது, பிசினை மண்ணெண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, தையல் மிஷின் எண்ணெயை எந்த அச்சில் எத்தனை துளி விடுவது என்பதே சிந்தனை. எண்ணெய் மிகுந்தால் தண்டவாளத்தில் சொட்டி, சக்கரம் வழுக்கி, வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். போருக்கு முந்தைய பழைய இரயில்கள் சிலவற்றில் துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்த்த சக்கரங்கள் தாமாகவே வெடித்துப் பொடியாகும் என்று படித்தபோது, எங்களுடையது பிந்திய காலத்தது என்று பெருமூச்சு விட்டேன். வார்க்கும்போது கலந்துவிட்ட சிறிதளவு ஈயம் செய்யும் வினையாம் அது. "உங்களுக்கு வயசு நாப்பதா, நாலா?" என்று என் துணைவியார் வினவினார். விடை சொல்ல எனக்கு நேரமில்லை.

இனி, நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரு பயணியர் பெட்டிகளுள் ஒன்றன் அடித்தகடு மிகவும் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கறுப்பு எனாமல் தீட்டினேன். இரண்டு நாள் உலரவைத்து, பெருமிதத்தோடு வாப்பாவிடம் நீட்டினேன். அவர்கள் பெட்டியைத் திருப்பி அடிப்புறத்தை வெகுநேரம் பார்த்தார்கள்.

"அடியிலெ உம்மா எழுதுன பேரு இருந்துச்சே, எங்கெ?"

அப்போதுதான் அறிந்தேன். இரயில் வந்த புதிதில் வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் எந்தப் பெட்டி யாருக்கு என்று ஓயாத சண்டை. பாட்டியார் ஒரு பெட்டியின் அடியில் மூத்தவர் பெயரையும் மற்றதன் அடியில் இளையவர் பெயரையும் தையல் ஊசியால் கீறி, வழக்கைத் தீர்த்துவைத்தாராம். பாட்டியாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அரபுத்தமிழில்தான் எழுதுவார். அவர் கையெழுத்தில் வேறு எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. பினாங்குக்கு எழுதிய கடிதங்கள் பினாங்கோடு போயின.

நான் அந்தக் கீறல்களைக் கண்டிருந்தேன். கண்டும், துருவின் கோடுகள் என்று எண்ணித் தேய்த்தேன். எம்.ஃபில். ஆய்வின்போது, செல்லரித்த ஓர் ஓலையில் இருந்தது ரகரமா, காலா என்று துணிவதற்கு மூன்று நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அமர்ந்திருந்தவன் நான். ஏடு எழுதியோரின் பாடத்தைத் திருத்தி 'அழகாக்கிய' பதிப்பாசிரியர்களைக் குறித்து ஆண்டுதோறும் வகுப்பில் கடுமையாகப் பேசுகிறவனும் நானே. சொந்தப் பாட்டியாரின் எழுத்துக்கு ஐந்து நிமிடம் தரவில்லை.

மற்றப் பெட்டியை எடுத்துச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். துருவினூடே சாச்சாவின் பெயர் இருந்தது. கடைசி எழுத்தின் வளைவில் ஊசி சறுக்கியிருந்ததுகூடத் தெரிந்தது. சாச்சா மறைந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. வாப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவன் பேரு இருக்குல்ல, சரி" என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை.

அதன்பின் நான் வண்ணக்குப்பியைத் தொட்டதில்லை. மெல்லிய துணியும் எண்ணெயும் மட்டுமே. இஞ்சினின் நெற்றியில் பச்சை உரிந்து தகரம் தெரிகிறது. உரிந்த விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், சுவரில் மோதிய காயம் எது, கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது எது என்று பிரித்தறிய முடிகிறது. இத்தகைய இரயில்களைத் திரட்டுவோருள் இரு கட்சியினர் உண்டு. வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பது மற்றொன்று. முதற்கட்சியினரின் கைத்திறனை நான் மதிக்கிறேன். உருத்தெரியாமல் சிதைந்ததை அவர்கள் ஓடவைத்துவிடுகின்றனர். ஆயினும் என்னால் இனி அக்கட்சியில் சேர இயலாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவோர் கட்சியிலும் சேரமாட்டேன். மாதம் இருமுறையேனும் வண்டி ஓடவேண்டும். ஓடாவிடில் எண்ணெய் உறைந்துபோகும்.

சென்ற பெருநாளன்று என் மகள் தண்டவாளங்களைக் கோத்தாள். வாப்பா நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். கறுப்பு வண்ணம் தீட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தவள், உள்ளே ஓடிப்போய் ஓர் ஊசியை எடுத்துவந்து, அப்பெயரைத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னாள். ஓதக் கற்றவளாகையால் அரபு எழுத்து அவளுக்குத் தெரியும். அது இடைச்செருகல் ஆகிவிடும் என்று நான் தடுத்தேன். "அப்படின்னா நீங்க அழிச்சது என்ன வாப்பா?" என்று கேட்டாள். வாப்பா என்னைப் பார்த்தார்களே ஒழிய, யார் பக்கமும் பேசவில்லை. "மொதல்லெ வண்டிய விடு" என்றார்கள்.

வண்டி மூன்றே முக்கால் சுற்று ஓடிக் கட்டிலுக்கடியில் நின்றது. ஊசியை மகள் அட்டைப்பெட்டியின் மூடியில் குத்திவைத்தாள். இன்னும் அங்கேயே இருக்கிறது.