குழிகள் பதிந்த கோப்பை

ஜெர்மனியின் பாட் டியூர்க்ஹைம் என்னும் சிற்றூரில் செப்டம்பர்தோறும் கூடும் ‘வுர்ஸ்ட்மார்க்ட்’, அதாவது ‘தொத்திறைச்சிச் சந்தை’, பெயரில் இறைச்சியைத் தாங்கியிருந்தாலும் உலகின் மிகப் பெரிய ஒயின் திருவிழாவாகவே அறியப்படுகிறது.

குன்றின் மேலிருந்த சிற்றாலயத்துக்கு வந்த யாத்திரிகர்களுக்கு உழவர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் உணவும் ஒயினும் கொண்டுவந்து விற்றதிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் இது கிளைத்தது. முன்பின் அறியாதவர்கள் நீண்ட பலகைகளில் தோளுரச அமரும் இன்றைய ஒயின் கொட்டகைகளுக்கும் அவ்வண்டியின் பெயரே வழங்குகிறது.

அங்கே கைமாறும் அரை லிட்டர் ‘டுப்பேகிளாஸ்’, விரல் நுனி பதியும் குழிகளை உடலெங்கும் கொண்ட கண்ணாடிக் கோப்பை. கொழுப்பு படிந்த கையிலிருந்து நழுவாதிருக்கவே அக்குழிகள் என்பர். ஒரே கோப்பையை மேசையிலுள்ளோர் சுற்றிக் கொடுத்துப் பருகும் வழக்கமே இவ்விழாவின் பேரழகு.

அந்நியர் நீட்டும் கோப்பையைத் தயக்கமின்றி வாங்கும் இடங்கள் இன்னும் எத்தனை எஞ்சியுள்ளன?