கிடந்தது கிடந்தபடி

“உடைஞ்ச சாமானாத் தேடித் தேடிப் படம் எடுக்குறியே, இங்க ஒரு தோப்பு நிறையக் கிடக்கு. வர்றியா?”

ஆலங்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் போனில் இப்படிக் கேட்டதும் முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டிலும் இதே பேச்சுதான். ஒற்றைச் செருப்பு, வாளியிலிருந்து கழன்ற பிடி, பஞ்சர் கடை வாசலில் தாரோடு அழுந்திப்போன சோடா மூடி, கிணற்றடியில் பாதி கரைந்த சோப்பு: எட்டு வருடமாக நான் எடுக்கும் படங்கள் இவைதான். கல்யாண வீட்டில் யாராவது படம் எடுக்கச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றைக்கும் பேசப்படுகிறது. இர்விங் பென் நியூயார்க் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்தார். 1975இல் அவை அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. பொறுக்கிக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. கிடந்தது கிடந்தபடி எடுக்க வேண்டும், கை வைக்கக் கூடாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இது ஒன்றுதான்.

புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ். இரண்டு பக்கமும் தைலமரங்கள், அடியில் செம்மண். நண்பனின் வண்டியில் ஏறி ஒரு கண்மாய்க் கரை முடியும் இடத்தில் இறங்கியபோது மணி ஏழு. சாய்ந்த வெயில். பொருள்களைப் படம் எடுப்பவனுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

தோப்பு என்று அவன் சொன்னது அய்யனார் கோயில்காடு. கோயிலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் மண் குதிரைகள். முன்வரிசையில் நிற்பவற்றின் மேல் காவியும் சுண்ணாம்பும் இன்னும் மங்கவில்லை. பின்னால் போகப்போக வயது கூடுகிறது. தலை இல்லாதது, முதுகு உள்ளே விழுந்தது, உடம்பு போய் நான்கு கால்கள் மட்டும் குழாய் குழாயாக நிற்பது. கடைசி வரிசையில் குதிரை என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணிலிருந்து ஒரு மணி, ஒரு கடிவாளத் துண்டு, ஒரு காது. ஒரு கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்க விரல் தடங்கள். வெளியே வழுவழுவென்று தேய்த்துவிட்டு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று உள்ளே விட்டுவிட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நுழைந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த ஒரு கழுத்தையே முப்பது படம் எடுத்திருப்பேன்.

அங்கேதான் என் சட்டத்தை மீறினேன். அந்தக் காதின் நிழல் சருகில் விழுந்து குழம்பியது. ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

“எடுத்த எடத்துல வச்சிருங்க தம்பி.”

திரும்பினால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறுபதைத் தாண்டிய ஒருவர். கோயில் பூசாரியும் அவர்தான், குதிரை செய்கிற வேளாரும் அவர்தான். இந்தப் பக்கத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருப்பது சாதாரணம். கோபமாகச் சொல்லவில்லை. வைத்தேன். “நிக்கிற குதிரைய விட்டுட்டு இதையில்ல எடுக்குறீக” என்று மட்டும் கேட்டார். “இப்படி உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி இருக்குதுங்கய்யா” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“உடைஞ்சாத்தானய்யா எங்களுக்கு வேலை.”

அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு புரிந்தது. புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்தால், ஊர்ப் பெரியவர்கள் வந்து வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் பிடிமண் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பிடி மண்தான் ஒப்பந்தம். அதை வாங்கிக் களிமண்ணோடு சேர்த்த பிறகு வேலையில் பின்வாங்க முடியாது. எடுப்பு அன்றைக்குக் கண் திறந்து, மாலை போட்டு, ஊரே குதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும். அதோடு சரி. மழையோ வேரோ ஆடுமாடோ அதை என்ன செய்தாலும் ஒட்டுப்போடுவதில்லை, பூசுவதில்லை. அடுத்த எடுப்புக்கு அடுத்த குதிரை. நான் பரிதாபப்பட்டு எடுத்த குவியல் அவர் குடும்பத்தின் வரவுக் கணக்கு.

செய்முறையைப் பொறுமையாகச் சொன்னார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்க வேண்டும். சூட்டில் உமி எரிந்து நுண்ணிய துளை விடும், அதனால் கனத்த மண் வெடிக்காது. முதலில் நான்கு கால். அது இறுகினால்தான் வயிறு, வயிறு இறுகினால்தான் கழுத்து. அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் மொத்தமும் உட்கார்ந்துவிடும். உள்ளே ஆவி அடைபடாமலிருக்க உடம்பில் ஓட்டை விட வேண்டும். சூளை அடுக்குவதைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். வைக்கோல், வரட்டி, மேலே மண் பூச்சு என்பது வரைக்கும் பிடிபட்டது, மிச்சம் பிடிபடவில்லை. என் கண் அதற்குள் வேறொன்றின் மேல் போயிருந்தது.

தட்டுப்பலகை. உள்ளே உருண்டைக் கல்லை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து இதனால் தட்டித்தான் மண்ணை இறுக்குகிறார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டை. அவர் அப்பா கைக்கு வந்தபோதே பழசாம். தட்டும் பக்கம் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. பிடியில் கட்டைவிரல் பதியும் இடத்தில் இன்னொரு குழி. அவர் விரல் அதில் சரியாக உட்காரவில்லை. “எங்கய்யா கை சின்னது” என்றார். புதுப் பலகை இரண்டு செய்து வைத்திருக்கிறாராம், குதிரை வேலைக்கு மட்டும் இதுதானாம். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். துண்டால் துடைக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு காசுக்கு வந்தது. சாமிக் குதிரையில் பேரம் கிடையாது. ஆனால் எடுப்பு அடிக்கடி வருவதில்லை. பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைக்கு மாறிவிட்டார்கள். “அது ஒடையாதுல்ல, பெறகு வேளான் எதுக்கு?” என்றார். குளமங்கலத்தில் 33 அடி உயரக் குதிரை நிற்பதையும், மாசி மகத்தன்று அதன் மேல் குவியும் காகித மாலைகளையும் அவரே பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைக்கும் இந்தக் குறைக்கும் அவரிடத்தில் சண்டையில்லை. கண்மாய் மண்ணுக்கு முன்பு நடையாய் நடந்தார்களாம். 2024இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று அரசு மாற்றிய பிறகு அலைச்சல் குறைந்திருக்கிறது.

இடையில் வருகிற ஆள்தான் வயிற்றெரிச்சல். இவரிடம் 700 ரூபாய்க்கு அடித்துப் பேசி வாங்கிய இரண்டடிக் குதிரையைச் சென்னைக் கடையொன்றில் 4,000 ரூபாய்ச் சீட்டோடு இவர் மகனே பார்த்திருக்கிறான். சுட்ட மண்ணுக்கு விலை வைப்பவன் அதை மிதித்தவன் இல்லை என்று தொடங்கி நான் நண்பனிடம் பிரசங்கமே செய்துவிட்டேன். பொற்பனைக்கோட்டையில் 2023இல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபோது ஒவ்வொரு ஓட்டுச் சில்லுக்கும் எண் போட்டு வைத்தார்கள். அதே மாவட்டத்தில் சில்லைச் செய்கிறவனுக்குக் கணக்கு இல்லையே என்றெல்லாம் முழங்கினேன்.

வேளாரின் மனைவி மண் சலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “போன வருசம் கோயில்காட்டுல ரெண்டு தலை காணாமப் போச்சு தம்பி. பழைய தலை. அதுக்கு முந்தி யாரோ வந்து போட்டா எடுத்துட்டுப் போனாக.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பழைய மண் தலை பங்களா வரவேற்பறைக்கு அழகு. எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒரு நல்ல படம் போதும். முன்பொரு முறை என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது எந்த ஊர் என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்க, நானும் உற்சாகமாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அது வெறும் மர உரல்தான். இப்போது அது அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. இந்த ஊரின் பெயர் இக்கட்டுரையில் வராததற்குக் காரணம் அதுதான்.

கிளம்பும்போது, எடுத்ததைக் காட்டச் சொன்னார். போனை அவர் கையில் கொடுத்தேன். காதைத் தள்ளினார், கால்களைத் தள்ளினார், பலகையில் ஒரு நொடி நின்றார். கழுத்தின் உட்புறத்துக்கு வந்ததும் அவரே இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

“இது எங்க சித்தப்பா கை.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பெருவெரலு சப்பையா இருக்கு பாருங்க. சின்ன வயசுல வண்டிச் சக்கரத்துல நசுங்குனது. அவரு போயி இருபது வருசமாச்சு.” மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். சலிப்பதை விட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து அவரும் குனிந்து பார்த்தார். “இத மட்டும் எனக்குப் போட்டுக் குடுங்க” என்றார் வேளார். “குதிரை வேணாம். வெரலு மட்டும்.”

சாயங்காலம் புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு முன் ஒரு ஸ்டுடியோவில் ஏறினேன். “வெறும் மண்ணா இருக்கே சார், இதப் போடவா?” என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, 12க்கு 18இல் போட்டுக் கொடுத்தார்.