எண்ணும்மையும் முற்றும்மையும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி கணனிச் சேவையகங்களின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பற்றி எழுத முற்படுவது பொருந்தாச் செயலெனச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அவ்வாறே தோன்றியது. கணனி பற்றிய எனது அறிவு, தட்டச்சுச் செய்வதற்கும் விரிவுரைக் குறிப்புகளைத் தேடியெடுப்பதற்கும் அப்பாற் சென்றதன்று. ஆயினும் 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததொன்று என்னை இவ்விடயத்தினுள் இழுத்துவிட்டது. அதில் எனக்கும் ஒரு பங்குண்டு. இடையியல் படிக்குந்தோறும் அது நினைவுக்கு வந்து வருத்துவதால் எழுதிவிடுவதே நன்றெனத் துணிந்தேன்.

என் அண்ணன் யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தின் கணனிப் பிரிவைத் தனியொருவராய் நின்று கவனித்து வந்தார். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. அதற்கு நான்கு கிளைகள் இருந்தன. கணக்குகள் யாவும் தலைமைக் காரியாலயத்தின் சிற்றறையொன்றில் வைக்கப்பட்ட ஓர் இயந்திரத்தில் அடங்கியிருந்தன. அவ்வியந்திரத்தில் ஜேபொஸ் எனும் பிரயோகச் சேவையக மென்பொருள் இயங்கிற்று. பிரயோகச் சேவையகம் என்பது ஓர் இடையாள். கிளையிலுள்ள எழுதுவினைஞர் கேட்பதை வாங்கி, கேட்பவர் யாரெனத் தேர்ந்து, தரவுத்தளத்திடம் சென்று வேண்டியதைப் பெற்று வந்து கொடுப்பது அதன் தொழில். பழைய கச்சேரிகளில் துரைக்கும் குடிகளுக்கும் நடுவே நின்ற முதலியாரை ஒத்ததென்று கொள்ளலாம். முதலியார் விலைபோனால் துரை அறியாமலே கச்சேரி கைமாறிவிடும்.

2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் லொக்போர்ஜே என்ற மென்பொருட் கூறொன்றில் பெருங்குறை கண்டறியப்பட்டு உலகெங்குமுள்ள கணனிப் பிரிவினர் உறக்கம் இழந்தனர். அண்ணனும் தம் பொறுப்பிலிருந்த இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவருடைய ஜேபொஸ் மிகப் பழையது. அக்கூறின் முந்திய பதிப்பையே கொண்டிருந்தமையால் அந்தப் புதிய நோய் அதனைத் தீண்டவில்லை. ஆனால், புதிய நோயைத் தேடப்போன இடத்தில் பன்னிரண்டாண்டுப் பழைய நோயொன்றை அவர் கண்டார். நத்தார் விடுமுறைக்கு நான் வீட்டில் நின்ற சமயம், விறாந்தையிலிருந்து அதனை எனக்கு விளக்கினார்.

ஜேபொஸ் மென்பொருளில் மேலாளர்களுக்கென ஒரு பக்கம் உண்டு. அதன்வழி சேவையகத்தை எவ்வகையாயினும் ஆட்டிவைக்கலாம். வெளியிலிருந்து புதிய நிரலொன்றைக் கொணர்ந்து உள்ளே குடியமர்த்தவும் கூடும். எனவே அப்பக்கத்துக்குக் கடவுச்சொற் காவல் இடப்பட்டிருந்தது. வலையில் ஒரு பக்கத்தை நாடிச் செல்லும் வேண்டுகோள்கள் பலவகைப்படும். 'கெற்' என்பது கேட்டுப் பெறுவது. 'போஸ்ற்' என்பது கொண்டுபோய்க் கொடுப்பது. நாம் அன்றாடம் வழங்குபவை இவ்விரண்டுமே. காவலை வகுத்தவர்கள், "கெற் வந்தாலும் போஸ்ற் வந்தாலும் கடவுச்சொல் கேள்" என்ற பொருள்பட இரண்டு வரிகளை எழுதி வைத்தனர்.

"மூண்டாவதாய் ஒண்டு வந்தால்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"அதையுந்தானே மறிக்கும்?" என்றேன்.

"மறிக்காது, பிள்ளை. அதின்ரை பேர் எழுதேல்லை."

அந்த மூன்றாவது 'ஹெட்' எனப்படும். ஒரு பக்கத்தின் உடலை விடுத்துத் தலைப்பை மட்டும் கேட்பது அது. ஆயினும் சேவையகம் அதனையும் கெற் போலவே ஏற்றுச் சொன்ன வேலையை முற்றாகச் செய்துவிட்டு, விடையின் உடலை மாத்திரம் அனுப்பாது விடும். விடை வராவிட்டால் என்ன? திருடனுக்கு வேண்டியது விடையன்று, வேலை.

இதைக் கேட்டபொழுது எனக்கு வியப்பினும் நகைப்பே மிகுந்தது. நாம் வகுப்பறையிற் படிக்கும் உம்மை இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறுவர். அவற்றுள் எண்ணும்மை வேறு, முற்றும்மை வேறு. 'முருகனும் வள்ளியும் வந்தனர்' என்பது எண்ணும்மை. 'அனைவரும் வந்தனர்' என்பது முற்றும்மை. ஜேபொஸ் காவலர்கள் முற்றும்மை வேண்டிய இடத்தில் எண்ணும்மையை இட்டுவிட்டனர். மனிதக் காவலாளியாயின் இக்குறை பெரிதாகியிராது. "பஸ்ஸில் வருபவரையும் காரில் வருபவரையும் விசாரி" என்று சொல்லி நிறுத்தினால், சைக்கிளில் வருபவனைக் கண்டதும் அவன் எழுந்து மறிப்பான். சொல்லாது விட்ட எச்சத்தை அவன் தானே உய்த்துணர்வான். இயந்திரத்துக்கு அவ்வுணர்வு இல்லை.

இக்குறைக்கான திருத்தத்தை ஜேபொஸ் மென்பொருளுக்குரிய ரெட் ஹற் நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஏப்ரிலில் வெளியிட்டது. பழைய பதிப்புகளை வைத்திருந்தோர் தாமே செய்துகொள்ளத்தக்க மருந்தும் இருந்தது. அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிடுவதுதான் அது. பெயர்ப்பட்டியல் நீங்கியதும் காவல் எல்லாவகை வேண்டுகோள்களுக்கும் உரியதாகிவிடும். எழுதிச் சேர்ப்பதால் அன்றி அழிப்பதால் ஒரு கதவு பூட்டப்படுவதை நான் அன்றுதான் அறிந்தேன்.

இரண்டு வரிகளை அழிக்க அண்ணனுக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், அம்மென்பொருளை நிறுவிக் கொடுத்த கொழும்புக் கம்பனியுடனான ஒப்பந்தப்படி வேறெவரும் அதிற் கைவைக்கலாகாது. வைத்தால் பராமரிப்புப் பொறுப்பிலிருந்து கம்பனி விலகிவிடும். கம்பனியார் வந்து செய்வதாயின் கட்டணம் தனி. ஆகவே பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டியிருந்தது. ஓர் இரவு சேவையகத்தை நிறுத்தித் திருத்தஞ் செய்ய அனுமதி கோரும் கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "உனக்கு நல்லாத் தமிழ் வரும். அவசரம் எண்டு எழுது," என்றார் அண்ணன்.

நான் எழுதினேன். அக்கடிதத்தை எழுதுகையில் எனக்குண்டான பெருமிதத்தை இன்று எண்ணினால் உடல் கூசுகின்றது. முதற் பந்தி முழுவதும் பணிப்பாளரின் நிருவாகத் திறனுக்கு வணக்கம். இரண்டாம் பந்தியில் 'சிறு குறைபாடொன்று அவதானிக்கப்பட்டுள்ளது'. அவசரம் என்ற சொல் மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் நாகரிகமற்றதென எனக்குப் பட்டது. அதனை நீக்கி, 'இயலுமாயின், தங்கள் வசதிக்கேற்ப' என்று எழுதினேன். அண்ணன் வாசித்துவிட்டுச் சிறிது யோசித்தார். பின்னர் கையெழுத்திட்டார்.

'அடுத்த காலாண்டில் ஆராயலாம்' என்ற குறிப்புடன் கடிதம் திரும்பியது. ஓர் இரவு சேவையகத்தை நிறுத்தினால் காலையிற் கிளைகள் தாமதித்துத் திறக்க நேரிடுமாம். அக்காலாண்டில் நாடு எவ்வாறிருந்ததென்பதை வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓர் இரவுக்கு நிறுத்த அனுமதி கிடையாத அந்த இயந்திரம், மின்சார சபையாரின் உபயத்தால் நாள்தோறும் நின்று நின்றே இயங்கிற்று. டீசல் கிடைத்த நாட்களில் மின்பிறப்பாக்கி ஓடியது; அது கிடையாத நாட்களில் மின்கலமே துணை.

அந்த மின்கலம்தான் திருடனைக் காட்டிக்கொடுத்தது. வழமையாக நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது, ஏப்ரில் மாதத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் ஓய்ந்துபோயிற்று. மின்கலம் பழுதென்றே முதலில் எண்ணினர். கிளைகள் மூடிய பின்னரும் இயந்திரத்தின் விசிறி ஓலமிடுவதை ஒரு மாலை அண்ணன் கவனித்தார். பார்த்தால், எவரும் அறியாத நிரலொன்று உள்ளே அமர்ந்து, மொனேரோ எனும் கணனி நாணயத்தை யாரோ ஒருவருக்காக ஓய்வொழிவின்றி உழைத்துக்கொண்டிருந்தது. மக்கள் எரிபொருள் நிலையங்களில் இரவுபகலாக வரிசையில் நிற்க, எங்கள் ஊர் டீசல் முகந்தெரியாத ஒருவனின் நாணயமாக மாறிக்கொண்டிருந்தது. வருகைப் பதிவேட்டை அண்ணன் பின்னோக்கிப் புரட்டினார். மேலாளர் பக்கத்தை நாடிவந்த வேண்டுகோளொன்று. அதன் முதற்சொல் ஹெட்.

இந்த வழி புதியதன்று என்பதைப் பின்னர் தேடி வாசித்தபோதுதான் அறிந்தேன். 2011 ஒக்ரோபரில், திருத்தப்படாத ஜேபொஸ் சேவையகங்களினூடே தானாகவே பரவும் புழுநிரல் ஒன்று உலாவியிருக்கிறது. 2016இல் சாம்சாம் எனும் கப்பக் கும்பல் ஜேபொஸ் ஓட்டைகளினூடே நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் சிஸ்கோ நிறுவனத்தின் ராலொஸ் ஆய்வுக் குழுவினர், ஏறத்தாழ 32 இலட்சம் இயந்திரங்கள் ஆபத்திலிருப்பதாகவும், 2,100க்கு மேற்பட்ட கள்ளக் கதவுகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டதாகவும் அறிவித்தனர். அவற்றுட் பல, பள்ளிக்கூட நூலகங்களில் வழங்கிய டெஸ்ரினி என்ற நூலக மென்பொருள் இயங்கிய இயந்திரங்கள் என்பது என்னை உறுத்தியது. பிள்ளைகள் கதைப் புத்தகம் இரவல் வாங்கும் பதிவேட்டினுள்ளும் கள்ளக் கதவு! அம்மென்பொருளை ஆக்கிய ஃபொலற் நிறுவனம் திருத்தத்தை வழங்கியதுடன் அக்கதவுகளையும் அகற்ற வழிசெய்தது.

பெயர்ப்பட்டியலில் நம்பிக்கை வைத்துக் கெட்டவர்கள் ஜேபொஸ்காரர் மாத்திரமல்லர். ஒறாக்கிள் நிறுவனத்தின் வெப்லொஜிக்கும் ஒரு பிரயோகச் சேவையகமே. வெளியிலிருந்து வரும் எழுத்தை வாசிக்கையிலேயே அதிற் கூறிய கட்டளைகளை நிறைவேற்றிவிடும் குறை அதன் ஒரு பகுதியில் இருந்தது. 2017 ஏப்ரிலில் 'ஒப்ஜெக்ற்' என்ற அடையாளச் சொல்லைத் தடைசெய்தனர். தாக்குவோர் அதே வேலையைச் செய்யும் 'வொயிட்' என்ற சொல்லுக்கு மாறினர். ஒக்ரோபரில் அதற்கும் வேறு சிலவற்றுக்கும் தடை. 2019 ஏப்ரிலில் 'கிளாஸ்' என்ற சொல்லுடன் வந்தனர். வழமையான தவணைக்குக் காத்திராது அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஜூனில் மற்றொன்று. தீயவை இன்னின்னவென எண்ணிச் செல்பவர்க்கு எண்ணி முடிவதில்லை. ஏற்கத்தக்கவை இவையே, ஏனைய யாவும் புறம்பு என்று ஏகாரம் இட்டு வரையறுப்பதே உறுதியான வழியென்று துறைசார்ந்தோர் கூறுகின்றனர். அண்ணன் இதனைப் பல தடவை சொல்லியிருந்தார். நான்தான் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

விசாரணை மே மாதத்தில் நடைபெற்றது. வாடிக்கையாளரின் கணக்குகளை எவரேனும் வாசித்தனரா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. அதுவே எல்லோரையும் அச்சுறுத்தியது. குறை இருப்பதை அறிந்திருந்தும் ஏன் வாளாவிருந்தீர் என்று அண்ணனைக் கேட்டனர். அவர் கடிதத்தின் பிரதியை எடுத்து வைத்தார். பணிப்பாளர் அதனை உரத்து வாசித்தாராம். 'சிறு குறைபாடு', 'இயலுமாயின்', 'தங்கள் வசதிக்கேற்ப' ஆகிய மூன்று இடங்களிலும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாராம். இக்கடிதத்தில் ஆபத்தென்று எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அண்ணனிடம் விடையில்லை. கடிதத்தை எழுதியவர் யாரென்பதை அவர் சொல்லவுமில்லை.

அவ்வாண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. கொழும்புக் கம்பனியார் எரிபொருள் கிடைத்ததும் வந்து, இரண்டு வரிகளை அழித்துவிட்டு, அதற்கொரு கட்டணச் சிட்டையும் கொடுத்துச் சென்றனர். எட்டு மாதங்களின் பின் அண்ணன் வேலையை விட்டு விலகினார்.

விலகற் கடிதத்தையும் என்னிடமே எழுதித் தரச் சொன்னார். நான் மறுத்தேன். "நீயே எழுதண்ணா, என்ரை தமிழ் வேண்டாம்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து, விலகும் திகதியை முதல் வரியிலேயே எழுதத் தொடங்கினார்.