இரண்டு அங்குல மெத்தை

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்னும் கருத்துடைய நபிமொழியை, கிதாபில் ஓதுமுன்பே முதுகால் உணர்ந்தவன் எளியேன்.

1982ஆம் ஆண்டு அது. ஓதுவதற்காக என்னை வேலூருக்கு அழைத்துச் சென்றார்கள் அத்தா. ரெட்டியார்பாளையத்திலிருந்து புதுச்சேரி ரயிலடி சென்று, பாசஞ்சர் வண்டி ஏறி, விழுப்புரத்தில் மாறி, திருவண்ணாமலை வழியே செல்ல வேண்டும். மீட்டர் கேஜ் பெட்டியில் மரப்பலகையே இருக்கை. பலகைகளின் இடைவெளி தொடையில் வரிவரியாய்ப் பதியும். அத்தா தம் தோள்துண்டை நான்காக மடித்து எனக்குக் கீழே வைத்தார்கள். வண்டி குலுங்குந்தோறும் இடுப்பைப் பிடித்துக்கொண்ட அவர்களுக்கோ வெறும் பலகைதான்.

"உங்களுக்கு அத்தா?" என்றேன்.

"எனக்குப் பழகிவிட்டது தம்பி" என்றார்கள்.

ஏழைக்குப் பழகிவிட்டது என்று எண்ணித்தான் உலகமும் நெடுங்காலம் வாளாவிருந்தது. மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவதியைக் காந்தியடிகள் 1917ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1974ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் நீங்கிற்று, மரப்பலகை நீங்கவில்லை. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராயிருந்த மது தண்டவதே, பௌதிகப் பேராசிரியராகப் பணியாற்றியவர். மேல்வகுப்பைத் தாழ்த்துவதன்று, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே அவர் நோக்கம். இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின்மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை இடச் செய்தார். வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் 1977 டிசம்பரில் மும்பைக்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். மெத்தை பிறகு படிப்படியாகப் பிற வண்டிகளுக்கும் பரவியது. பழகியவனுக்கும் வலி உண்டு என்று ஆட்சியிலிருந்த ஒருவர் உணர்ந்ததன் பயன் அது.

அத்தா வஃபாத்தாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டு விழுப்புரத்திலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அமர்ந்திருந்தது மெத்தை இருக்கை. மூதாட்டி ஒருவர் கூடையுடன் எதிரே வந்து நின்றார். என் முழங்கால் வலியை எண்ணி, உறங்குபவனைப் போல் கண்களை மூடிக்கொண்டேன். கட்டட வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர் ஒருவர், சிமெண்டு படிந்த கைகளோடு எழுந்து, "உட்காருங்க ஆயா" என்றார். மூடிய கண்களுக்குள் அத்தாவின் மடித்த துண்டு தெரிந்தது.

சபைகளில் பிறருக்கு இடமளியுங்கள், அல்லாஹ் உங்களுக்கு இடமளிப்பான் என்னும் கருத்துடைய வசனத்தை, முஜாதலா அத்தியாயத்தில் எத்தனையோ மாணவர்க்குப் பாடம் சொன்னவன் நான். அன்று அப்பாடத்தை எனக்கு நடத்தியவர் அந்த இளைஞர்.

இருக்கையை மென்மையாக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. ஆயினும் அன்பர்களே, நின்றுகொண்டிருப்பவருக்கு எந்த மெத்தையும் பயன்படாது. அவருக்கு வேண்டியது நாம் நகர்ந்து தரும் ஒரு சாண் இடமே. இப்போதெல்லாம் ரயிலில் நான் கண்களை மூடுவதில்லை.