பேய் வீட்டின் இரண்டாவது வாசல்

வெசாக் காலத்தில் கொழும்பு வீதிகளில் மின்னொளித் தோரணங்களும், வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவளிக்கும் தன்சல்களும் எழும்போது, தகரத்தாலும் கறுப்புத் துணியாலும் அடைக்கப்பட்ட பேய் வீடுகளும் ஆங்காங்கே முளைப்பதுண்டு. ஓரிரு இரவுகளில் பிரிக்கப்பட்டுவிடும் என்பதாலோ என்னவோ, இவற்றின் வடிவமைப்பை யாரும் ஒரு கலையாகக் கருதுவதில்லை.

முகமூடிக்காரன் பாய்வதால் உண்டாகும் திடுக்கிடல் நொடியில் தீர்ந்துவிட, உண்மையான அச்சமோ அவன் பாய்வதற்கு முன்னர், இருளில் சுவரைத் தடவி நடக்கும் எதிர்பார்ப்பிலேயே விளைகிறது. ஆதலால் தேர்ந்த வடிவமைப்பாளர் பேயைவிடப் பாதையிலேயே கருத்தூன்றி, முன்னே சென்றவரின் அலறல் கேட்கவும் அவர் கண்டது தெரியாதிருக்கவும் அதனை வளைக்கிறார். 1862இல் லண்டனில் ஜோன் ஹென்றி பெப்பர் காட்டிய உத்தியும் மறைப்பையே நம்பியது: சாய்வாக நிறுத்திய பெருங்கண்ணாடியில், மறைவிடத்தில் ஒளியூட்டப்பட்ட ஆளின் பிம்பம் மட்டும் விழுந்து, ஊடுருவித் தெரியும் ஆவியாகத் தோன்றும். 1969இல் கலிபோர்னிய டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட பேய் மாளிகை இதனையே பேரளவில் கையாண்டது.

மறைப்பில்லாத இடத்திலோ நிலை வேறு: கொழும்பின் மாளிகாவத்தையில் முஸ்லிம்களின் அடக்கத்தலமாகிய மையவாடிக்கு அயலில் வாழ்வோர் அதற்கு அஞ்சுவதில்லை. அறிந்த இடம் அச்சுறுத்தாது. அங்கே அஞ்சத்தக்கது நெரிசல். 2020 மே 21 அன்று, நோன்புக்கால உதவிப் பணம் பெறத் திரண்ட கூட்டத்தில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தது பட்டப்பகலில், திறந்த வெளிச்சத்தில். பேய் வீடோ இருளையும் குறுகிய வழியையும் திடீர் ஓட்டத்தையும் வேண்டுமென்றே ஒன்றுசேர்க்கிறது.

1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவில், தீயணைப்புத் தெளிப்பான்கள் இல்லாத பேய்க் கோட்டையில் தீப்பற்றி எட்டு இளையோர் மாண்டனர். அபாய ஒலி எழுந்ததும் விளக்குகள் எரிந்து, குழப்பும் இரைச்சல் அடங்கி, வெளியேறும் வழி புலப்பட வேண்டும் என்று அமெரிக்க விதிகள் இன்று வலியுறுத்துகின்றன.

பாதுகாப்பு அச்சத்தைக் குறைக்கும் என்று நடத்துநர் சிலர் கருதுவது தவறு. சிறு குழுக்களை இடைவெளி விட்டு அனுப்பினால் நெரிசலும் நேராது, தனிமையும் கூடும். சீட்டு விற்பனையின் ஆசையில் கூட்டமாக அடைத்தால் பேயும் பலிக்காது, உயிருக்கும் ஆபத்து. உள்ளிருப்பவர் தாமே தள்ளித் திறக்கக்கூடிய இரண்டாவது வாசல் இல்லாத பேய் வீட்டுக்கு, அது ஓரிரவு நிற்பதேயாயினும், அனுமதி வழங்கலாகாது.