தளர்ந்தாரைத் தாங்குதல்

நற்பணியொன்றைத் தொடங்குதல் எளிது; பயன் காணும் வரையும் அதனை நடத்துதலே அரிது. பகை வந்து கெடுத்த பணிகளினும், இடைவழியிற் சோர்வு வந்து கெடுத்த பணிகளே உலகிற் பல. ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த நாம் இதனை நன்கறிவோம்.

கிறிஸ்தவ அன்பர்களிடத்து நாம் கண்டு வியந்த பண்பொன்றுண்டு. சோர்வை அவர்கள் தனியொருவனின் சுமையாக விட்டுவிடுவதில்லை. ஒருவரையொருவர் தேற்றி நடத்துதல் சபையார் யாவர்க்கும் கடமை என்பர். புனித பவுல் தம் நிருபங்களில் இதனைப் பலகாலும் வற்புறுத்துகின்றார். நாம் சைவர், எனினும், நன்று எங்கிருப்பினும் அதனைப் போற்றுதல் எமது மரபேயாம்.

இஃது ஏட்டளவில் நின்ற போதனையன்று என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1816ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாருள் வாறன், றிச்சாட்ஸ் என்னும் இருவரும் விரைவில் நோயுற்றனர். உடல்நலம் நாடி, 1818இல் இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாய் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினர். வாறன் அங்கே உயிர் நீத்தார். தோழரை அடக்கஞ்செய்த றிச்சாட்ஸ், நோய் முற்றும் நீங்காத உடலுடன் யாழ்ப்பாணத்துக்கே மீண்டு, 1822இல் இறக்கும் வரையும் தம்மால் இயன்ற பணியைச் செய்தார்.

பின்னர் 1847இல் வந்தவர் டாக்டர் கிறீன். மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த இப்பெரியார், உடல் நலிந்து தாயகஞ் சென்றும், 1862இல் மீண்டும் வந்தார். 1864 முதல் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழில் நூல்கள் போதவில்லை, கலைச்சொற்களும் போதவில்லை. இப்பெருஞ் சுமையை அவர் தனித்துச் சுமந்தாரல்லர், மாணாக்கரையே துணைவராக்கிக்கொண்டார். ஒருவர் மொழிபெயர்க்க மற்றவர் திருத்த, ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் எழுந்தன. 1873இல் நாடு திரும்பிய பின்னரும், வூஸ்ரர் நகரிலிருந்தவாறே 1884இல் மறையும் வரை அந்நூற்பணியைத் தொடர்ந்தார். இவ்வாறு விளைந்த தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேலாம்.

இவ்வரலாற்றை எமக்கு முதன்முதற் கூறியவர் எம்மூர்க் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மாணவப் பருவத்தினராயிருந்த நாமும் அச்சனத்திரளில் ஒருவரானோம். கால்கள் ஓய்ந்தன, மனம் அதற்கு முன்னரே ஓய்ந்துவிட்டது. புத்தகக் கட்டொன்றைச் சைக்கிளில் ஏற்றி உருட்டி வந்த அம்முதியவரிடம், “இனிப் படித்து என்ன பயன் மாஸ்ரர்?” என்றோம். அவர் விடை கூறவில்லை. “தம்பி, நான் களைத்துப்போனேன், இந்தச் சைக்கிளைக் கொஞ்சத்தூரம் உருட்டும்” என்றார். உருட்டினோம். பிறர் சுமையிற் கை வைத்ததும் எமது தளர்ச்சி பாதி மறந்தது. சில நாட்களின் பின் கொடிகாமத்தில் ஒரு மாமர நிழலில் அக்கட்டை அவிழ்த்து, அவர் வகுப்பைத் தொடங்கினார். முதல் நாள் வந்தோர் நால்வர். மாத முடிவில் அந்நிழல் போதவில்லை.

அன்று அவர் எமக்கு உபதேசம் செய்திருப்பின், அது செவியில் ஏறியிராது. தாம் களைத்ததை மறையாது கூறி எம் உதவியை வேண்டினார். அதனாலேயே நாமும் எழுந்து நடந்தோம்.

பரீட்சையில் தவறிய பிள்ளை, நெடுநாள் நோயாளரைப் பேணும் தாய், வேலையிழந்த தந்தை ஆகியோர் இன்றும் நம் வீடுகளில் உளர். அவர்களுக்கு அறிவுரை சொல்வார் பலர், அருகிருப்பார் சிலரே. மாணாக்கர்காள்! சோர்ந்த தோழனைக் கண்டால் “முயற்சி செய்” என்று சொல்லி அகலாதீர்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்று, பக்கத்தில் அமர்ந்து படியுங்கள். அவனை எழுப்பும் அம்முயற்சியில் நீங்களும் அயராது நிற்பீர்கள்.